கிருமி இல்லாத பரம்பரை

கொசுப்புழுக்கள் எட்டே நாளில் கூட்டுப்புழுவாகிவிட்டன என்று மொத்த ஆய்வகமும் வாயெல்லாம் பல்லாக நின்றது. கோமளா மட்டும் சிரிக்கவில்லை. பதினான்கு மாதமாக அவள் கையால் வளர்ந்த பரம்பரை அது. ஒரு தலைமுறைகூடப் பதினாறு நாளுக்கு முன்னால் கூட்டுப்புழு ஆனதில்லை.

ஊர்க் கொசுவுக்கு எட்டு நாள் சரி. டயரிலும் சிரட்டையிலும் பிறக்கிற கொசு, தேங்கிய தண்ணீரில் இருக்கும் கிருமிகளைத் தின்றே கொழுத்து வளரும். கோமளாவின் கொசுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முட்டையாக இருக்கும்போதே பிளீச்சிங் கரைசலில் ஒரு குளியல், ஸ்பிரிட்டில் ஒரு குளியல். பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் பொரிக்கவைத்து, ஆட்டோகிளேவ் என்ற கிருமி கொல்லும் நீராவிக் கலனில் வெந்த ஈரல் பொடியும் ஈஸ்ட்டும் ஊட்டி, ஒரு கிருமி அண்டாமல் வளர்க்க வேண்டும். அப்படி வளரும் புழு நோஞ்சானாகத்தான் இருக்கும், நின்று நிதானித்துத்தான் வளரும். அது திடீரென்று தளதளவென்று வளர்ந்தால் பெட்டிக்குள் கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். கோட்டு போட்டுக்கொண்டு சிரித்து நின்றவர்களுக்கும் இது தெரியும். ஆனால் நல்ல சேதி வந்திருக்கும்போது தெரிந்ததை நினைவுபடுத்திக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

ஆயுத பூஜை போட்ட ராசி என்றார் டாக்டர் சம்பந்தம். அவர்தான் அந்த ஆய்வகத்தின் இயக்குநர், முதலாளி, எல்லாம். வெளிநாட்டில் கொசுவைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிவந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் பல்சக்கரப் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் நடுவே இரண்டு மாடி வாடகைக்குப் பிடித்துத் தொடங்கியவர். கொசுவின் குடலில் கிருமியே இல்லாவிட்டால் அது டெங்குவைச் சுமக்குமா சுமக்காதா என்பது கேள்வி. அதற்கு விடை தேட பெங்களூரில் ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்துக்கொண்டிருந்தது.

கேள்வி அவருடையது, வேலை கோமளாவுடையது. திண்டிவனத்தில் விலங்கியல் படித்துவிட்டுத் திருநின்றவூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். கொசு வளர்க்கவா சம்பளம் தருகிறார்கள், எங்கள் வீட்டில் சும்மாவே வளர்கிறதே என்று காலை ரயிலில் கேலி பேசாத ஆள் இல்லை. பேசட்டும் என்று விட்டிருந்தாள். உள் அறைக்குப் போக வேண்டுமென்றால் வளையல் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, முகத்துக்குப் பவுடர் கூடாது. மஞ்சள் கயிற்றில் ஈரம் தங்கும், ஈரத்தில் கிருமி தங்கும் என்று தாலியைக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டு வேலைக்கு வந்தவள் அவள். மாமியார் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அத்தனை பாடும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்காக. பக்கத்துக்கு இரண்டு நீளக் கையுறை பொருத்திய பெட்டி. வெளியே நின்றபடி கையுறைக்குள் கையை விட்டுத்தான் உள்ளே எதையும் தொட முடியும். வாரத்துக்கு இரண்டு நாள் கொசுக்களுக்குப் பந்தி. கிருமி இல்லை என்று சோதித்து வாங்கிய ரத்தத்தை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, வாயில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டி, உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கவிழ்த்து வைப்பாள். சூடு தெரிந்ததும் பெண் கொசுக்கள் கூட்டமாக வந்து சவ்வில் உட்கார்ந்து மூக்கை இறக்கும். வயிறு சிவந்து உப்பும்வரை அசையாமல் நின்று பார்ப்பாள். பெற்றவளுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இனி ராசிக்கு வருவோம். ஆயுத பூஜை அன்று வாசலில் பூசணிக்காய் உடைத்து, ஆட்டோகிளேவுக்கு மாலை போட்டு, குளிர்பெட்டியிலிருந்து ஜெராக்ஸ் மெஷின்வரை சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. அது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான், யாருக்கும் நஷ்டமில்லை. கடைசியில் சம்பந்தம் பித்தளைக் கிண்ணத்தோடு உள் அறைக்கே வந்துவிட்டார். சோறு போடுகிற பெட்டிக்கு வைக்காமல் விடலாமா என்று கேட்டார். வெளிக் கண்ணாடியில் வையுங்கள் சார் என்றாள் கோமளா. வைத்தார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெட்டிக்குள் சாமான் போவதற்கு ஒரு சின்ன அறை உண்டு, அதற்கு முன்னும் பின்னும் கதவு. வெளிக்கதவைத் திறந்து சாமானை வைத்து மூடி, கிருமிநாசினி தெளித்து அரைமணி நேரம் காத்திருந்து, பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும். அந்தச் சின்ன அறைக்குள் மூன்று பொட்டு வைக்க வேண்டும் என்றார் சம்பந்தம். வேண்டாம் சார், அது சரியில்லை என்று கோமளா இரண்டு தடவை சொன்னாள்.

"சந்தனமே கிருமிநாசினிதானே, கோமளா. நம்ம முன்னோர்கள் என்ன முட்டாளா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கோமளா வெளிக்கதவைத் திறந்தாள். அவர் பொட்டு வைத்தார். எந்தக் கதவு எப்போது திறந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும், அது விதி. பேனாவை எடுத்தவளிடம், சாமி காரியத்தையெல்லாம் அதில் எழுதாதீங்க என்றார். அவளும் எழுதவில்லை. மறுநாள் வந்ததும் முதல் வேலையாக அந்த அறையை மூன்று முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். ஆனால் சில கிருமிகள் ஸ்பிரிட்டுக்குச் சாகாது. ஓடு போட்டுக்கொண்டு தூங்கும், காலம் வந்ததும் விழிக்கும். கதவு ரப்பரின் மடிப்பில் ஒட்டிய சந்தனத்தை எந்தத் துணி எடுக்கும்? இதை அவருக்குக் கோமளா எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பெடுத்தால் முதல் நாளே அவர் சொல்கிற பாடம் இது.

எட்டாம் நாள் கூட்டுப்புழுவைப் பார்த்த அன்றே கோமளா அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தாள். மறுநாள் காலையில் தட்டு முழுக்கச் சுருக்கம் விழுந்த சாம்பல் வெள்ளைத் திட்டு. சம்பந்தத்தின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார். ஒப்பந்தப்படி கிருமி புகுந்த பரம்பரை கணக்கில் சேராது. பன்னிரண்டு தலைமுறையும் போயிற்று.

யாரால் வந்தது என்று அறிக்கை போக வேண்டும். மறுநாள் பணியாளர்களின் கையிலிருந்து மாதிரி எடுக்க உத்தரவு வந்தது. பணியாளர்கள் என்றால் எத்தனை பேர்? அந்தத் தளத்தில் பதினொரு பேர் வேலை செய்தார்கள். மாதிரி எடுத்தது இரண்டே பேரிடம். ஒன்று கோமளா. இன்னொன்று, உள் அறை வாசலுக்கு அப்பால் ஒருநாளும் கால் வைக்காத நாகம்மா.

நாகம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து, எட்டு வருஷமாக அந்த இரண்டு மாடியையும் கூட்டித் துடைக்கிறவள். கான்ட்ராக்டர் வழியாக வந்த வேலை. பிளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். கோட்டு போட்ட ஒரு பெண் அவளைக் கையை நீட்டச் சொல்லிப் பஞ்சால் தடவியபோது, இன்னாத்துக்கு இது என்று கோமளாவைப் பார்த்துக் கேட்டாள். பொட்டு வைத்த சம்பந்தத்தின் விரலை யாரும் நீட்டச் சொல்லவில்லையே என்று கோமளாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் அன்று மாலை எல்லாரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துப் பூஜை அலமாரியைத் திறந்து, பித்தளைக் கிண்ணத்தில் மிஞ்சிக் காய்ந்திருந்த சந்தனத்தில் ஒரு மாதிரி எடுத்தாள். கதவு ரப்பரில் ஒன்று எடுத்தாள். இரண்டையும் தட்டில் வளர்த்து, வழக்கமாக வெளியே மரபணுச் சோதனைக்குப் போகும் பெட்டியில், புழுத் தண்ணீரோடு சேர்த்து அனுப்பினாள்.

எட்டு நாளில் முடிவு வந்தது. புழுத் தண்ணீர், ரப்பர், சந்தனம் மூன்றிலும் ஒரே கிருமி. கோமளாவின் கையில் இருந்தது எல்லார் தோலிலும் இருக்கிற சாதாரணக் கிருமி, அதற்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நாகம்மாவின் கையைத் தடவிய தட்டில் ஒன்றுமே வளரவில்லை. அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான கை அவளுடையதுதான்.

அதே நாள் பிற்பகல் சம்பந்தம் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஆங்கிலத்தில் ஒரு படிவம் தயாராக இருந்தது. பணியாளரின் தனிப்பட்ட சுகாதாரக் குறைபாட்டினால் கிருமி புகுந்தது, பணியாளர் ஒப்புக்கொள்கிறார் என்று அச்சடித்து, கீழே கோமளாவின் பெயர். இது வெறும் நடைமுறை, பெங்களூருக்கு ஒரு காகிதம் காட்ட வேண்டும், உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று தேன் தடவிப் பேசினார்.

ஒன்றும் ஆகாதாம். இந்தத் துறையில் அந்த ஒரு வரி போதும். கிருமி இல்லாமல் வளர்க்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணுகிற பேர். சுத்தமில்லாதவள் என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால் எந்த ஆய்வகத்தின் வாசலையும் அவள் மிதிக்க முடியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் சந்தனம் பூசிக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

கோமளா மூன்று தட்டுகளையும் சோதனை முடிவையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். எது எங்கிருந்து எடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பித்தளைக் கிண்ணத்தை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் ஆத்திரமாக இருந்தது.

சம்பந்தம் படிவத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். உங்கள் பெயர் எங்கேயும் வராது, நான் வாக்குக் கொடுக்கிறேன் என்றார். கிருமி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என எழுதிவிடலாம். புதிய பரம்பரையை நீங்களே பொறுப்பெடுத்து வளருங்கள். அந்தத் தட்டுகளை மட்டும் ஆட்டோகிளேவில் போட்டுவிடுங்கள், வெளியே போனால் இந்த இடத்தையே மூடிவிடுவார்கள், பதினொரு பேர் பிழைப்பு.

கோமளா யோசித்தாள். யோசித்தாள் என்று சொல்வதுகூட அவளுக்குச் செய்கிற மரியாதைதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மூச்சு வந்தது, அவ்வளவே. சரி சார் என்றாள். தட்டுகளைத் தன் கையாலேயே ஆட்டோகிளேவில் போட்டாள். சோதனை முடிவு மட்டும் மின்னஞ்சலில் கிடந்தது.

மறுநாள் பரம்பரையைக் கொன்றார்கள். அன்று பந்தி நாள். கொசுக்கள் கண்ணாடியில் வந்து வந்து மோதின. கடைசியாக ஒரு தடவை ரத்தம் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, சாகப்போவதற்கு எதற்கு, வீணாக்காதீங்க என்றார் சம்பந்தம். பட்டினியோடு அள்ளி உறைபெட்டியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை மட்டும் இரண்டு நாள் வலித்தது.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை, புது முட்டைகளுக்குப் பிளீச்சிங் கலக்கிக்கொண்டிருந்தபோது வெளியே யாரோ புதிதாக ஒரு பெண் தரையைத் துடைப்பதைக் கோமளா பார்த்தாள். நாகம்மாக்கா லீவா என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு நாகம்மா என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. கீழே இறங்கிப் போய்க் காவலாளி துலுக்கானத்திடம் விசாரித்தாள். நாகம்மாவின் நுழைவுச் சீட்டை வெள்ளிக்கிழமையே வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள், காரணம் தனக்குத் தெரியாது என்றார் அவர்.

கோமளாவுக்குத் தெரிந்துபோயிற்று. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. மேலே வந்து அறிக்கைகள் இருக்கும் கோப்பை எடுத்தாள். அதே படிவம். அதே வரி. தலையில் பூ வைத்துக்கொண்டு உள் அறைக்குள் நுழைந்தார் என்று புதிதாக ஒரு வாக்கியம் சேர்ந்திருந்தது. கீழே கோணல்மாணலாக, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி நிறுத்தி எழுதிய கையெழுத்து. நாகம்மா.

கதவைத் தட்டாமல் சம்பந்தத்தின் அறைக்குள் போனாள். அந்த அம்மா உள் அறைக்குள் ஒருநாளாவது வந்ததுண்டா, அவர் கையைத் தடவிய தட்டில் ஒரு கிருமியாவது முளைத்ததா என்று கேட்டாள். குரல் உயர்ந்தது அவளுக்கே கேட்டது. சம்பந்தம் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் பெங்களூரில் ஏற்கவில்லை, யாராவது ஒருவர் பெயர் வேண்டியிருந்தது என்றார். அவர் நம் பணியாளர்கூட இல்லை, கான்ட்ராக்டர் வேறு இடத்தில் போட்டுவிடுவார், கூட்டித் துடைக்கிறவருக்கு இந்தக் காகிதத்தால் என்ன குறைந்துபோகும் என்றும் கேட்டார். பிறகு அவளை நேராகப் பார்த்தார்.

"உங்க பேரு வரலியே, கோமளா. நாம பேசினது அதுதானே?"

ஆமாம், பேசியது அதுதான். மிளகாய் அரைக்க இவருக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. தன் தலையை உருவிக்கொண்டு அம்மியை அடுத்தவள் பக்கம் தள்ளிவிட்டவள் தான்தான் என்பது அந்த நாற்காலி எதிரே நின்றபோது கோமளாவுக்கு உறைத்தது. இத்தனை நாள் அந்த ஆளின்மேல் மூட்டிவைத்திருந்த நெருப்பெல்லாம் திரும்பித் தன்மேலேயே பட்டதுபோல் இருந்தது. வெளியே வந்தாள். படிவத்தைக் கைபேசியில் படம் எடுத்தாள். அரைநாள் விடுப்பு என்று எழுதிவைத்துவிட்டு இறங்கினாள்.

ஆவடியில் ரயிலை விட்டிறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தாள். காலையில் பெய்த மழைக்கு முத்தாபுதுப்பேட்டைத் தெருவெல்லாம் முட்டியளவு சேறு. இரண்டு பேரைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். ஒற்றை அறை, சிமெண்ட் ஷீட் கூரை. வாசல் கழுவி, ஈரம் காயாமல் கோலம் போட்டிருந்தது. நாகம்மா முறத்தில் ரேஷன் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோமளாவைப் பார்த்ததும் எழுந்து, துண்டை உதறிப் பாயில் போட்டு உட்காரச் சொன்னாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். அந்த உபசாரம்தான் கோமளாவைக் கொன்றது.

கையெழுத்து ஏன் போட்டீர்கள் என்று கோமளா கேட்டாள். கேட்ட விதத்தில் கோபம் இருந்தது, அது யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. வேறு இடத்துக்கு மாற்றல் தருகிறோம், அதற்கான காகிதம் என்று சார் சொன்னார் என்றாள் நாகம்மா. கான்ட்ராக்டர் போனையே எடுப்பதில்லையாம். மூன்று நாளாக நடையாய் நடந்து பார்த்திருக்கிறாள்.

"நான் கொஞ்சம் ரோசன பண்ணேன். கோமளாவுக்கும் தெரியும், அது சொல்லித்தான் செய்றோம்னாரு. உம்பேர சொன்னாரு, போட்டேன்."

கோமளா கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினாள். நாகம்மா அதைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். தன் பெயரை மட்டும் விரலால் தொட்டாள்.

"மேல இன்னா எய்திக்கீது? தமிழ்ல படிச்சிக் காட்டு."

கோமளா படித்தாள். தனிப்பட்ட சுகாதாரக் குறைபாடு என்ற இடத்தைச் சட்டென்று தாண்டிப்போகப் பார்த்தாள். நாகம்மா விடவில்லை. அப்படின்னா இன்னா, எனுக்குப் புரியற மாதிரி சொல்லு என்றாள். கோமளா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், நீங்கள் சுத்தமில்லாதவர், உங்கள் அழுக்கினால் கொசுவெல்லாம் கெட்டது என்று எழுதியிருக்கிறது.

நாகம்மா முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்துவாள் என்று கோமளா எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை. நாகம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். பின்னே எதனால் கெட்டது? கோமளா சந்தனத்தைச் சொன்னாள், கதவைச் சொன்னாள், சோதனை முடிவைச் சொன்னாள். நாகம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"இது உனுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே தெரியும்க்கா."

"தெரிஞ்சிகினே கம்முனு இருந்துக்கீற."

என் பெயரை எடுத்துவிட்டார்கள், அதோடு விட்டுவிட்டேன் என்று சொல்லக் கோமளா வாயெடுத்தாள். சொல்லிக் கேட்டால் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது தெரிந்து வாயை மூடிக்கொண்டாள்.

"அந்தாளு எனுக்கு யாரோ. அவன் செஞ்சான், அவன் புத்தி. நீ எங்கூட சோறு துன்னவ. எட்டு வருசம் உன் ரூம் வாசல நான் தொடச்சிக்கீறேன், அதாண்ட ஒரு தூசி உட்டதில்ல." நாகம்மாவின் குரல் ஏறவே இல்லை. அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் கொதித்து வழிந்தது. அவள் எழுந்து போய் அணைத்தாள், டீ போடவில்லை.

பெங்களூருக்கு இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாள் கோமளா. நாகம்மா திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். எழுதுகிற கதையெல்லாம் வேண்டாம் என்றாள். எழுதினதைத்தான் ஒரு தடவை பார்த்தாயிற்றே.

"போனப் போடு. எம்முன்னாலயே பேசு. எனுக்குப் புரியணும், தமிழ்ல பேசு."

அறக்கட்டளையில் இந்தத் திட்டத்தை மேற்பார்வை பார்க்கும் சபீனா வாணியம்பாடிக்காரர், தமிழ் பேசுவார். மாதக் கூட்டங்களில் திரையில் பார்த்த முகம். கோமளா அவரை இதுவரை நேரடியாகக் கூப்பிட்டதில்லை. எண்ணைத் தேடி எடுத்து ஒலிபெருக்கியில் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

கோமளா முதலில் தடுமாறினாள். பிறகு தடுமாற்றம் போய்க் கோபம் வந்தது, கோபம் வந்ததும் வார்த்தை தானாக வரிசையில் நின்றது. எந்த நாள், எந்தக் கதவு, யார் வைத்த சந்தனம், எந்தச் சோதனை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. சபீனா குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், வெளிக்கதவைத் திறந்தது யார்?

"நான்தான் மேடம். பதிவேட்டுலயும் எழுதல. அவர் வேணாம்னார், நானும் விட்டுட்டேன். தெரிஞ்சப்புறமும் என் பேரு வராதுன்னு சொன்னதுக்கு வாய மூடிக்கிட்டேன்."

இதெல்லாம் உங்கள் பெயரில் எழுத்தாக வர வேண்டியிருக்கும், உங்கள் வேலைக்கும் நான் உத்தரவாதம் சொல்ல முடியாது, புரிகிறதா என்றார் சபீனா. புரிகிறது என்றாள் கோமளா. பதினான்கு மாத உழைப்பும், புதிய பரம்பரைக்காக ஊறவைத்த முட்டைகளும் அந்த ஒரு சொல்லில் போயின. அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நாகம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அதில் நன்றி எதுவும் இல்லை. கோமளா எதிர்பார்க்கவும் இல்லை.

மாலைக்குள் கடிதம் அனுப்புங்கள், அந்தப் படிவத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொல்லி சபீனா வைக்கப்போனார். நாகம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினாள். வாயருகே வைத்துக்கொள்ளாமல் இரண்டு கையிலும் ஏந்தி, எதிரே ஆள் நிற்பதுபோல் அதைப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா, நான் நாகம்மா. அந்தக் காயிதத்துல கீற நாகம்மா நான்தான். சந்தனம், கதவு, உங்க கொசு, அதெல்லாம் நீங்க அப்பால பேசிக்குங்க. நான் சுத்தமாத்தான் கீறேன். அத மொதல்ல எய்து."